கேள்வி – பதில்: அபிவிருத்தி யாருடைய கணக்கில்?

உலக அபிவிருத்தி அரசியலைப் பற்றிக் கேள்வி அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களில் சிலர் பெயரை வெளியிட விரும்பாததால், எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் தருகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: "எங்கள் சிறுவயதில் ஊர் முன்னேற வேண்டும் என்பார்கள், இப்போது எதற்கெடுத்தாலும் அபிவிருத்தி. இந்தச் சொல் எப்போது, எங்கிருந்து வந்தது?"

சொல் புதிதன்று. வாசிகசாலைகளும் கோயில் சபைகளும் தங்கள் யாப்பிலே 'அபிவிருத்தி' என்று நெடுங்காலமாக எழுதிவந்திருக்கின்றன. அங்கே அது கூரை மாற்றுவதையும் கிணறு இறைத்துத் தூர்வாருவதையும் குறித்தது. ஒரு நாட்டை இன்னொரு நாட்டுக்குக் கீழே வரிசைப்படுத்துவதைக் குறிக்கவில்லை. அந்த வரிசைக்கு ஒரு தேதி உண்டு. 1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஹரி ட்ரூமன் தமது பதவியேற்பு உரையின் நான்காவது அம்சமாக, அபிவிருத்தி குன்றிய பகுதிகளுக்குத் தமது நாட்டின் விஞ்ஞான, தொழில்நுட்ப அறிவு வழங்கப்படும் என்று அறிவித்தார். அதற்கு முந்தைய நாள்வரை தம்மை அடிமைப்பட்டவர்கள் என்றோ சுதந்திரம் பெற்றவர்கள் என்றோ எண்ணிக்கொண்டிருந்த மக்களுக்கு, அன்றிலிருந்து 'குன்றியவர்கள்' என்ற புதிய அடையாளமும் சேர்ந்துகொண்டது.

கொழும்பு வாசகர் இதில் பெருமையோ வெட்கமோ படுவதற்குக் காரணம் இருக்கிறது. ட்ரூமனின் உரை முடிந்து ஓராண்டுக்குள், 1950 ஜனவரியில், பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டு அமைச்சர்கள் நமது நகரத்திலேதான் கூடினார்கள். அங்கே முளைத்த, ஆசிய நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டம் 1951 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் செயலகம் இன்றும் கொழும்பிலேதான் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் புலமைப்பரிசிலில் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் போய்ப் படித்துத் திரும்பிய பொறியியலாளர்களும் வைத்தியர்களும் இந்த நாட்டுக்கு ஆற்றிய பணியை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கூட்டம் நடந்த காலத்தையும் பாருங்கள்: சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்து மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. பசித்த ஆசியா சிவப்பாகிவிடும் என்ற அச்சமும், புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணமும் ஒரே உறைக்குள் வைத்து அனுப்பப்பட்டன. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அப்போதும் முடியவில்லை, இப்போதும் முடிவதில்லை.

தெமட்டகொடையிலிருந்து சட்ட மாணவி ஒருவர்: "இலங்கை சீனாவின் கடன்பொறியில் விழுந்தது என்று வெளிநாட்டு ஊடகங்கள் சொல்கின்றன. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்காகவா எடுத்துக்கொண்டார்கள்?"

கடனைக் கொடுத்தான், கட்ட முடியவில்லை, துறைமுகத்தைப் பறித்தான் என்ற கதை சொல்வதற்குச் சுலபமாக இருப்பதால் நிலைத்துவிட்டது. ஆவணங்கள் சொல்வது சற்று வேறு.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற்கட்டத்துக்குச் சீன ஏற்றுமதி – இறக்குமதி வங்கி 307 மில்லியன் டொலரை 6.3 சதவீத நிலையான வட்டிக்குக் கொடுத்தது. சலுகைக் கடன் என்று இதைச் சொல்ல முடியாது. வட்டி சந்தை விலைக்குக் கிட்டத்தான் இருந்தது. துறைமுகம் 2010 நவம்பரில் திறக்கப்பட்டது, கப்பல்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை, நட்டம் ஏறியது. 2017இல் அது 99 ஆண்டுக் குத்தகைக்கு இன்னொரு சீன நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு 1.12 பில்லியன் டொலர் பெறப்பட்டது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அந்தப் பணத்தால் துறைமுகக் கடன் தீர்க்கப்படவில்லை. அது வெளிநாட்டுச் செலாவணி ஒதுக்கை நிரப்பப் போயிற்று, வங்கிக் கடன் அரசாங்கத்தின் தலையிலேயே தொடர்ந்தது. ஆகவே கடனுக்கு ஈடாகத் துறைமுகம் போகவில்லை. வேறு கடன்களுக்கு டொலர் தேடிய அரசாங்கம், கையில் விற்கக்கூடியதாக இருந்த ஒன்றைக் குத்தகைக்கு விட்டது. துறைமுகம் நம் கையைவிட்டுப் போய், கடன் மட்டும் நம்மிடம் நின்றது என்ற வகையில், இது கடன்பொறிக் கதையைவிட மோசமானது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த 'வேறு கடன்கள்' எவை? 1997இல் உலக வங்கியின் அட்டவணையில் இலங்கை தாழ்ந்த நடுத்தர வருமான நாடாக உயர்ந்தது. உயர்வு என்று வாழ்த்தினார்கள். குறைந்த வட்டியில் நீண்டகாலத் தவணையில் கிடைத்துவந்த கடன்கள் அதன்பின் படிப்படியாக ஒடுங்கின. 2007இல் இலங்கை முதன்முறையாக 500 மில்லியன் டொலர் பெறுமதியான சர்வதேச இறைமை முறிகளை, அதாவது வெளிநாட்டுச் சந்தையில் அரசாங்கம் விற்கும் கடன் பத்திரங்களை, வெளியிட்டது. ஐந்து அல்லது பத்து ஆண்டுகளில் முதல் தொகையை ஒரே தடவையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய, திட்டம் எதையும் சுட்டாத, கேள்வி கேட்காத பணம் அது. கேள்வி கேட்காத பணத்தை விரும்பாத அரசியல்வாதியை நான் இன்னும் சந்திக்கவில்லை. 2021 முடிவில் மத்திய அரசாங்கத்தின் வெளிநாட்டுக் கடனில் மூன்றிலொன்றுக்கு மேல் இந்த முறிகள். சீனாவுக்குக் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ ஐந்திலொன்று. அதோடு 2019 முடிவில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு நாமே வெட்டிக்கொண்டோம்; அதைச் சீனாவும் சொல்லவில்லை, நியூயோர்க்கின் முறிச் சந்தையும் சொல்லவில்லை.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். 2022 ஜனவரி 18ஆம் தேதி, முதிர்ச்சியடைந்த முறி ஒன்றுக்காக 500 மில்லியன் டொலரை இலங்கை சொன்ன நாளில் செலுத்தியது. அந்தக் கிழமைகளில் உணவுப் பொருட்கள் ஏற்றிய கொள்கலன்கள் டொலர் இல்லாமல் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தன. சில மாதங்களில் எங்கள் ஒழுங்கை முனையில், வெறும் எரிவாயு சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து, உடம்பில் வீட்டு இலக்கத்தை நிறப்பூச்சால் எழுதி, ஆளில்லாத வரிசையாக இரவு முழுக்க விட்டிருந்தார்கள். ஏப்ரல் 12இல்தான் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஜனவரியிலேயே நிறுத்தியிருந்தால் அந்த 500 மில்லியனுக்கு எத்தனை கப்பல் எரிவாயு வந்திருக்கும் என்ற கேள்வியைச் சட்டம் படிக்கும் நீங்கள் கேட்க வேண்டும். முறி வைத்திருந்தவரின் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தது, வரிசையில் நின்றவரின் உரிமை எந்தத் தாளிலும் இருக்கவில்லை.

வத்தளையிலிருந்து ஒரு வாசகர்: "சர்வதேச நாணய நிதியத்தில் நாமும் அங்கத்தவர்தானே? எங்களுக்கு வாக்கு இல்லையா?"

இருக்கிறது. 1950 முதல் அங்கத்தவர். ஆனால் அங்கே ஆளுக்கொரு வாக்கு கிடையாது. பங்குப் பணத்துக்கு ஏற்ற வாக்கு. அமெரிக்காவிடம் 16 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. நிதியத்தின் அடிப்படை விதிகளை மாற்றுவதற்கு 85 சதவீதம் வேண்டும். எனவே அமெரிக்கா தலையசைக்காமல் எதுவும் மாறாது. இலங்கையின் வாக்கு ஒரு சதவீதத்தில் கால்பங்குகூட இல்லை. நிறைவேற்றுச் சபையில் இந்தியா, பங்களாதேஷ், பூட்டான் ஆகியவற்றோடு ஒரே கதிரையைப் பகிர்ந்துகொள்கிறோம். நிதியத்தின் தலைவர் எப்போதும் ஐரோப்பியர், உலக வங்கியின் தலைவர் எப்போதும் அமெரிக்கப் பிரசை என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாமல் இன்றுவரை நடந்துவரும் வழக்கம்.

முகத்துவாரத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி: "நாங்கள் இருப்பது ஒரு தோட்டத்துக் குடியிருப்பு, நகரத்துக்குள் நெருக்கி ஒட்டிய சிறு வீடுகள். மூன்று குடும்பத்துக்கு ஒரே மின்மானி. கணக்கெடுக்க வந்த பிள்ளை மின்பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டு போனது. வீட்டிலுள்ள சாமானை எண்ணி ஏழையா இல்லையா என்று முடிவுசெய்யும் இந்த முறையை யார் கண்டுபிடித்தது?"

அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் இந்த இதழில் நீண்ட பதில் எழுத நினைத்தேன்.

என் அம்மம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு கூப்பன் புத்தகம் இருந்தது. ஓரம் மடிந்து, வெட்டிய சீட்டுகளின் அடிக்கட்டை மட்டும் மிஞ்சிய புத்தகம். கிழமைக்கு ஒருமுறை சங்கக்கடைக்குப் போனால், மனேஜர் ஒரு சீட்டை வெட்டி எடுத்துக்கொண்டு கொத்துக்கணக்கில் அரிசி அளந்து கொடுப்பார். அந்தப் புத்தகத்தைப் பெற அம்மம்மா தன் வறுமையை யாருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த நாட்டில் இருந்தாள், அது போதும். அரிசி புழுத்ததாக இருந்தது, கல் இருந்தது, அளவில் கள்ளம் இருந்தது என்று அவளே திட்டுவாள். பக்கத்து வீட்டு அப்புக்காத்தும் (வழக்கறிஞரும்) அதே வரிசையில் ஆளனுப்பி அதே அரிசியை எடுத்ததால், திட்டுவதற்கு அவளுக்குப் பலமான துணை இருந்தது.

இந்த அரிசிக்காக ஓர் அரசாங்கம் ஆட்டம் கண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1953இல் டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் செலவைக் குறைக்கவென்று ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12 அன்று நாடு ஹர்த்தாலில் நின்றது. அமைச்சரவை கரையில் கூடுவதற்கு அஞ்சி, துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. இரண்டு மாதங்களில் பிரதமர் பதவி விலகினார். அதன்பின் கால் நூற்றாண்டுக்கு எந்த அரசாங்கமும் அரிசியைத் தொட்டால் பயத்தோடுதான் தொட்டது.

1977க்குப் பிறகு, திறந்த பொருளாதாரத்தோடு, கதை மாறியது. முதலில் பங்கீட்டு அரிசி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 1979இல் அதற்குப் பதில் உணவு முத்திரை வந்தது. அரிசி அரிசியாகவே இருந்தவரை விலை ஏறினாலும் ஒரு கொத்து ஒரு கொத்துதான். முத்திரையோ ரூபாக் கணக்கில் அச்சிடப்பட்டது. பணவீக்கம் அதைத் தின்ன, சில ஆண்டுகளிலேயே அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்தது. யாரும் வெட்டவில்லை, ஆகவே யாருக்கு எதிராகவும் ஹர்த்தால் செய்ய முடியவில்லை. எனக்கு இதுவே அந்தக் காலத்தின் மிகக் கெட்டிக்கார அரசியலாகத் தோன்றுகிறது. பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி என்று உதவித் திட்டங்களின் பெயர்கள் மாறின. சமுர்த்தியில் கட்சிக்காரருக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது, தேவையானவர் வெளியே நின்றார் என்ற முறைப்பாடு உண்மையானது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்த முறைப்பாட்டுக்கு மருந்தாகத்தான் வீட்டுச் சாமானை எண்ணும் முறை வந்தது. இதன் பிறப்பிடம் சிலி நாடு. 1980இல், பினோசேயின் இராணுவ ஆட்சியில், ஒவ்வோர் ஏழைக் குடும்பத்துக்கும் ஓர் அட்டை நிரப்பி, கூரை என்ன, தரை என்ன, கழிவறை எப்படி என்று புள்ளி போட்டு, புள்ளி குறைந்தவருக்கு மட்டும் உதவி என்றார்கள். வருமானத்தை நேரடியாக அறிய முடியாத இடத்தில், பார்க்கக்கூடிய பொருட்களை வைத்து அதை ஊகிப்பது இதன் உள்ளமைப்பு. இலத்தீன் அமெரிக்காவிலிருந்து உலக வங்கியின் ஆலோசனைகள் வழியாக இது ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் பரவியது. இலங்கையில் 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளின் கீழ் 22 குறிகாட்டிகள். அவற்றின்படி நான்கு பிரிவுகள். தொடக்கத்தில் மிக வறியவருக்கு மாதம் 15,000 ரூபாவும் கடைசிப் பிரிவுக்கு 2,500 ரூபாவுமாக இருந்து, பின்னர் தொகைகள் திருத்தப்பட்டன.

இப்போது உங்கள் மின்மானிக்கு வருவோம். மூன்று குடும்பம் ஒரே மானியில் எரித்தால் பட்டியலில் அலகு கூடித்தான் வரும். அந்தக் கூடிய அலகு கணினிக்கு ஒரே குடும்பத்தின் வசதியாகத் தெரியலாம். கொழும்பு வடக்கின் தோட்டக் குடியிருப்புகளைக் காலால் நடந்து பார்த்தவருக்கு இது முதல் நாளே தெரியும். இதைப் புள்ளிவிபரக்காரர்கள் 'தவிர்ப்புப் பிழை' என்கிறார்கள். கிடைக்க வேண்டியவர் வெளியே விடப்படுவது. 'சேர்ப்புப் பிழை' என்று இன்னொன்றும் உண்டு. கிடைக்கத் தேவையில்லாதவர் உள்ளே வருவது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இரண்டில் எதைக் குறைப்பது என்பது கணக்கு அன்று, அரசியல். கடன் கொடுத்தவரும் திறைசேரியும் சேர்ப்புப் பிழையைக் கண்டுதான் பதறுவார்கள்; தவிர்ப்புப் பிழையைக் கண்டு பதறுபவர் முகத்துவாரத்தில் இருக்கிறார், பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. 2022இல் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டிய ஒரு நாட்டில், வறுமை ஏறத்தாழ இரட்டித்ததாக உலக வங்கியே மதிப்பிட்ட ஒரு காலத்தில், உள்ளே தவறுதலாக வந்தவரைத் தேடுவதற்கு இத்தனை பாடு தேவைதானா என்று கேட்பவர்களோடு நான் உடன்படுகிறேன்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று: பட்டியல் வெளியானபின் முறையீடு செய்ய இடமுண்டு. மூன்று குடும்பங்களும் ஒரே மானியைப் பயன்படுத்துவதைக் கிராம அலுவலரிடம் எழுத்தில் பெற்று, மூன்று குடும்பங்களின் விபரங்களையும் தனித்தனியாக இணைத்து, பிரதேச செயலகத்தில் கொடுங்கள். கொடுத்த தேதி குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

புறக்கோட்டையில் மொத்த வியாபார நிலையம் ஒன்றில் கணக்கெழுதும் வாசகர்: "கடன் மறுசீரமைப்பில் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் நட்டப்பட்டார்கள் என்கிறார்கள். என் ஊழியர் சேமலாப நிதிக்கு என்ன நடந்தது?"

உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்று 1958ஆம் ஆண்டின் சட்டப்படி மாதாமாதம் போகும் பணத்தின் பெரும்பகுதி அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில் இருக்கிறது. அதாவது நீங்களும் இந்த அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்தான், கையெழுத்துப் போடாமல்.

2023 ஜூலை 1ஆம் தேதி பாராளுமன்றம் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கும் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதன்படி உங்கள் சேமலாப நிதி உட்பட ஓய்வூதிய நிதியங்கள் பழைய முறிகளைக் கொடுத்து, சில ஆண்டுகளுக்கு 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளைப் பெற வேண்டும். மறுத்தால் அவற்றின் முறி வருமானத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதில் 30 சதவீத வரி. விருப்பத்தின்பேரில் என்று பெயர். ஆனால் இந்த நிபந்தனையோடு வந்த விருப்பம். வங்கிகளின் முறிகள் தொடப்படவில்லை: அவை ஏற்கனவே கூடிய வரி கட்டுகின்றன, குலுங்கினால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவர் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தில் பொருள் இல்லாமலில்லை. ஆனால் தனியார்த்துறைத் தொழிலாளியின் கிழவயதுப் பணம் குலுங்கினால் யார் பாதிக்கப்படுவர் என்ற கேள்விக்கு அதே தீவிரத்தோடு பதில் தேடப்படவில்லை.

வெளிநாட்டு முறி உரிமையாளர்கள் 2024 டிசெம்பரில் முடிந்த ஏற்பாட்டில் முதல் தொகையில் 27 சதவீதக் கழிவை ஏற்றது உண்மை. ஆனால் பொருளாதாரம் கணிப்பைவிட நன்றாக வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வகையில் அந்தப் புதிய முறிகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. நாடு நன்றாக வந்தால் அவர்களுக்குப் பங்கு உண்டு. உங்கள் நிதிக்கு அப்படி ஒரு வாசகம் எழுதப்படவில்லை. உங்கள் முதல் தொகை வெட்டப்படவில்லை என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். 2022இன் பணவீக்கம் அந்த வேலையை முன்கூட்டியே செய்துவிட்டது. உங்கள் சேமலாப நிதியின் அறிக்கை எப்போதாவது கைக்கு வந்தால், வட்டி எவ்வளவு என்று பார்ப்பதோடு நிற்காமல் அந்த ஆண்டின் பணவீக்கத்தை அதன் பக்கத்தில் பென்சிலால் எழுதிப் பாருங்கள். கணக்கெழுதும் கைக்கு அது பெரிய வேலையல்ல.

வெள்ளவத்தையிலிருந்து, அரசுசாரா நிறுவனம் ஒன்றில் வேலை இழந்த வாசகி: "அமெரிக்க உதவி நின்றுவிட்டது. உதவியே ஏகாதிபத்தியம் என்று சொன்னவர்கள் இப்போது மகிழ வேண்டியதுதானே?"

கசப்போடு கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கசப்பு. 1961இல் தொடங்கப்பட்ட அமெரிக்க சர்வதேச அபிவிருத்தி முகவரகம் 2025 ஜூலை 1 முதல் தனி நிறுவனமாக இல்லை. பிரித்தானியாவும் தன் உதவியை 2027க்குள் தேசிய வருமானத்தின் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. பணக்கார நாடுகள் 0.7 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது, ஆண்டுக்கு ஆண்டு தவறாமல் கொடுத்துவந்தவை ஒரு கைவிரலில் எண்ணக்கூடியவை.

நான் மகிழவில்லை. அமெரிக்கா தன்னிடம் மிஞ்சிய கோதுமையை 1954ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் உலகெங்கும் உணவு உதவியாக அனுப்பியது. கோதுமை விளையாத இந்தத் தீவில் பாண் இல்லாமல் காலை விடியாது என்ற பழக்கம் வேரூன்றியதில் அந்த மாவுக்கும் பங்குண்டு. அதே சட்டத்தின் வழியே வந்த சோளமும் சோயாவும்தான் 1973இல் திரிபோஷ என்ற சத்துமாவாகத் தொடங்கின. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் வாங்கிவந்த அந்த மாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருட்டித் தந்தபோது, அளவுக்கு மேல் கேட்டு அடிவாங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன். உதவியில் கெடுதி, நன்மை இரண்டும் இருந்தன. ஆனால் திரிபோஷவை இலங்கை பின்னர் தன் நிறுவனமாக்கி, உள்ளூர்ச் சோளத்தையும் சேர்த்துத் தானே தயாரிக்கக் கற்றுக்கொண்டது. உங்கள் நிறுவனம் நடத்திய வேலையில் எது அப்படி ஊரின் கைக்கு மாறியிருந்தது, எது நன்கொடையாளரின் அறிக்கைக்காக மட்டும் ஓடியது என்பதை என்னைவிட நீங்கள்தான் அறிவீர்கள். அதை எழுதி அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.

மன்னாரிலிருந்து வந்து நீர்கொழும்பில் தொழில் செய்யும் மீனவர் ஒருவர்: "இந்திய இழுவைப்படகுகள் எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. இது இரு நாட்டுப் பிரச்சினை என்கிறார்கள். நீங்கள் சொல்லும் உலக அபிவிருத்திக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?"

உண்டு, அதுவும் நேரடியாக. 1952இல் நோர்வே, இந்தியா, ஐ.நா. ஆகிய மூன்றும் ஓர் உடன்படிக்கை செய்து, அடுத்த ஆண்டு கேரளத்தின் கொல்லத்துக்குப் பக்கத்திலுள்ள நீண்டகரையில் மீன்பிடித் திட்டமொன்றைத் தொடங்கின. நோர்வேயின் முதலாவது அபிவிருத்தி உதவித் திட்டம் அது. நோக்கம் நல்லது: ஏழை மீனவருக்கு இயந்திரப் படகு, நல்ல குடிநீர், சுகாதார நிலையம். ஆனால் 1960களில் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்தபோது, கடலடியை வாரும் இழுவைமடி அந்தத் திட்டத்தின் மிகப் பெரிய வாரிசாயிற்று. படகை வாங்கியவர்களில் பலர் மீனவர்களே அல்லர். பணம் இருந்த வியாபாரிகள். கரைமீனவர் மீனை இழந்து, பின்னர் வீதிக்கு இறங்கிப் போராடி, கேரளத்தில் 1988 முதல் மழைக்கால இழுவைத் தடையைப் பெற்றார்கள்.

தமிழ்நாட்டிலும் அரச மானியத்தோடு இழுவைப்படகுகள் பெருகின. பாக்கு நீரிணையின் தங்கள் பக்கம் வாரப்பட்டுத் தீர்ந்தபோது, 1983க்குப் பிறகு யுத்தத்தால் நீங்கள் கடலுக்குப் போக முடியாதிருந்த எங்கள் பக்கம் அவர்களுக்குத் திறந்த களஞ்சியமாயிற்று. 2009இல் நீங்கள் திரும்பக் கடலில் இறங்கியபோது, களஞ்சியத்துக்கு வேறு சொந்தக்காரர் பழகிவிட்டார். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. நம் கரையிலும் சிலர் சிறு இழுவைப்படகுகள் வைத்திருந்ததையும் அந்தச் சட்டம் அவர்களுக்கும் பொருந்துவதையும் மறக்க வேண்டாம்.

அதே ஆண்டில் இந்தியா, பாக்கு நீரிணை இழுவைப்படகுகளை ஒப்படைத்து ஆழ்கடல் படகுக்கு மாறுவோருக்கு மானியம் அறிவித்தது. ஒரு படகுக்கு 80 இலட்சம் இந்திய ரூபா என்று கணக்கிட்டு, அதில் 70 சதவீதத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்பதாகவும் மிகுதியை மீனவர் தாமும் வங்கிக் கடனுமாகத் தேடிக்கொள்ள வேண்டும் என்றும் ஏற்பாடு. கூலிக்கு இழுவைப்படகில் ஏறும் இராமேஸ்வரத்துத் தொழிலாளிக்கு அந்த மிகுதியும் எட்டாது. படகின் சொந்தக்காரருக்கோ, சில மைல் தூரத்தில் இறால் கிடைக்கும்போது நாட்கணக்கில் ஆழ்கடலில் அலைவதற்குக் காரணமில்லை. மாறியவர்கள் மிகச் சிலர். நீங்கள் அறுந்த வலைக்காகக் கடை முதலாளியிடம் வாங்கிய கடனும், அவர் படகுக்காக வங்கியிடம் வாங்கிய கடனும் ஒரே கடலில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கின்றன. அந்தக் கூலித் தொழிலாளியும் உங்களைப் போலத் தமிழில்தான் அந்த வட்டியை எண்ணுகிறார்.